வாங் எழுதிக் காட்டிய நான்கு எழுத்துகள்

மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்து மணியளவில், பொகவந்தலாவையிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் தலவாக்கலைக் கடைவீதியில் என் கடைக்கு முன்னால் இறங்கினார். நான் ஏணியில் நின்று ஒரு பலசரக்குக் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் நாலாக மடித்த காகிதம் ஒன்றை எட்டி நீட்டினார். பென்சில் எழுத்து. பொகவந்தலாவையில் சில்லறைக் கடை வைத்திருக்கும் காதர் நானாவின் கை.

“சீன ஐயா இன்று விடிய, சுபஹுத் தொழுகை நேரத்தில் மௌத்தாகிவிட்டார். வேறு யாருக்குச் சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் வரவும்.”

அவர் இறந்ததை வேறு யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இரண்டு பேர், கடலுக்கு அந்தப் பக்கம். ஆனால் அவர்களுக்குச் சொல்லக்கூடிய விதத்தில் சொல்ல முடியாதபடி நானே முன்பு ஒரு காரியம் செய்திருந்தேன். அதையும் இங்கே எழுதத்தான் போகிறேன். அவருடைய குடும்பத்தாரின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். மகளின் பெயரை எழுதப்போவதில்லை. காரணம் வாசிக்கும்போது விளங்கும்.

லிந்துலையிலும் கந்தப்பளையிலும் பொகவந்தலாவையிலும் அவரிடம் கல்யாணத்துக்குப் பட்டு எடுத்தவர்கள் இன்னும் இருக்கிறீர்கள். சைக்கிளின் பின்னால் ஆள் உயரத்துக்குத் துணிமூட்டை. மேட்டில் அதைத் தள்ளிக்கொண்டு வருவார். பெயர் வாங். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருந்த சனங்கள் அதை ஒரு மனிதனின் பெயர் என்று கடைசிவரை நம்பவில்லை. துணியை வாங்கச் சொல்கிறார் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். வாங்க வாங்க என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார் என்று சிலர். ‘வாங்கையா வந்திருக்காரு’ என்றே எல்லோரும் சொன்னார்கள். அவர் யாரையும் திருத்தவில்லை. “என் பேரச் சொன்னாலே பாதி யாவாரம் ஆயிடுதுங்க” என்பார்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த வருடம்தான் அவரை நான் முதலில் பார்த்தேன். எனக்குப் பெயர்ப்பலகை வேலை நிறைய இருந்த காலம். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலிலேயே நின்று என் தூரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு எரிச்சல். “என்னங்க வேணும்?” என்றேன்.

“ஒண்ணுமில்லிங்க. நீங்க எழுத்த வரையிறீங்க. எழுதல.”

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். எனக்கு ஆறேழு வயது குறைவு. பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறவனிடம் துணி விற்க வந்தவர் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? “அப்ப நீங்க எழுதிக் காட்டுங்க” என்று தூரிகையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. சிரித்துக்கொண்டு, “எனக்குக் கண்ணுக்குத் தெரியும். கைக்குத் தெரியாதுங்க” என்றார். பத்து வயதோடு படிப்பு நின்றுபோனதாம். சொந்த ஊர், சீனத்தின் வடக்கே ஷாண்டுங் என்ற கடற்கரைப் பகுதி. பிறகு நுவரெலியாப் பக்கம் போகும்போதெல்லாம் என் கடையில் மண்ணெண்ணெய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் மேடு ஏறுவார்.

மறு வருடம் அவர் கல்யாணம் செய்துகொண்டார். பெண் பார்வதி, பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள். அவளுடைய முதல் புருஷன் வீரன், மலையில் மரம் வெட்டும்போது மரம் சாய்ந்து இறந்துபோனவன். வெளியாள் ஒருவன் லயத்தில் தங்கத் தோட்டத்தில் அனுமதியில்லை. ஆகவே வாங்கைக் கட்டிக்கொள்வதென்றால் அவள் தோட்டத்துப் பேரேட்டில் தன் பேரை வெட்டிக்கொண்டு, குடியிருந்த காம்பரா அறையைக் கொடுத்துவிட்டு, தலவாக்கலைக்கு வர வேண்டும். வந்தாள். அந்த ஒரு காரியத்தால் பின்னால் எவ்வளவு வரப்போகிறது என்று அன்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் சிவப்புக் காகிதம் ஒன்றோடு வந்தார். பென்சிலால் விரல்நுனி அளவில் எழுதியிருந்த ஓர் எழுத்தைக் காட்டி, இதைப் பெரிதாக எழுதித் தர வேண்டும் என்றார். இந்த எழுத்துகளை இங்கே அச்சில் காட்ட வழியில்லை. சொல்லித்தான் காட்ட வேண்டும். மேலே ஒரு சிலுவைக் கோடு, அதன் கீழே ஒரு சின்னப் பெட்டி, பிறகு இரண்டு புள்ளியும் ஒரு கோடும், அதற்கும் கீழே இன்னொரு பெட்டி. இதற்கு ‘ஷீ’ என்று பெயர். மகிழ்ச்சி. அது தனியாக நின்றால் சாதாரண மகிழ்ச்சி. கல்யாண வீட்டுக் கதவில் ஒட்டும்போது அதே எழுத்தை இரண்டாகப் பக்கம் பக்கமாக எழுதி ஒரே எழுத்தாகச் சேர்த்துவிடுவார்கள்.

“ரெண்டும் ஒரே உசரமா இருக்கணுங்க” என்றார் வாங். “ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னதுன்னு ஆயிடக்கூடாது.”

மூன்று காகிதம் வீணாக்கி, நாலாவதில் எழுதிக் கொடுத்தேன். மஞ்சள் பெயின்டில். பேக்கரிக்குப் பின்னால் அவர்கள் வாடகைக்கு எடுத்த அறைக் கதவில் அதை ஒட்டினோம்.

முருகன் கோயிலில் தாலி கட்டி அவர்கள் திரும்பி வந்தபோது கதவுக்கு முன்னால் பார்வதியின் அண்ணன் செல்லையா நின்றுகொண்டிருந்தான். இளவயதில் மலாயாவுக்குப் போனவன். யுத்தத்தில் ஜப்பானியர் பிடித்துக் கொண்டுபோய்ச் சயாம் காட்டில் ரயில் பாதை போட வைத்தார்கள். கூடப் போன இரண்டு தம்பிகளையும் அங்கேயே புதைத்துவிட்டு, உயிரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு, யுத்தம் முடிந்து தங்கையிடம் வந்தவன். கந்தப்பளையில் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்தான். கல்யாணத்துக்குச் சம்மதித்திருக்கவில்லை, ஜப்பானியரை ஞாபகப்படுத்தும் வாங்கின் முகத்தைப் பார்க்கவே அவனால் முடியாது.

“இது யாரு ஒட்டினது?”

“நான்தாங்க எழுதினேன்” என்றேன்.

“இது ஜப்பான்காரன் எழுத்து. எனக்குத் தெரியாதா?” என்று சொல்லி, குரலை உயர்த்தாமலே காகிதத்தைக் கிழித்துக் கீழே போட்டான். பார்வதி மாலையோடு நின்றாள். வாங் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். செல்லையா போன பிறகு என்னிடம், “அவரு தப்பாச் சொல்லலைங்க. எழுத்து ஒண்ணுதான். எங்ககிட்டேருந்து அவங்க எடுத்துக்கிட்டது” என்றார்.

ஆடி மழையில் துணி வியாபாரம் படுத்துவிடும். அந்த மாதங்களில் வாங் பகல் முழுக்க என் கடையில்தான் இருப்பார். அப்படி ஒரு நாள், லயத்துப் பக்கமிருந்து தப்புக் கொட்டும் சத்தம் கேட்டது. அவர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, மேசைத் தூசியில் கட்டை விரலால் ஓர் எழுத்துப் போட்டார். மரக் கால்களின் மேல் ஒரு முரசு நிற்பது போன்ற எழுத்து. அதை ஒரு மாதிரி உச்சரித்தால் சங்கீதம், இன்னொரு மாதிரி உச்சரித்தால் சந்தோஷம் என்றார். “கொட்டு கேட்டா மனசு நெறையுமில்லிங்களா, அதான்.” அது சாவுக் கொட்டு என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. வயிற்றோட்டத்தில் செத்த ஒரு குழந்தைக்கு அடித்தார்கள். அவர் எழுத்தை உள்ளங்கையால் அழித்துவிட்டார்.

அதே மழைக்காலத்தில் செல்லையா என் கடைக்கு வந்தான். தங்கையைப் பார்க்க வந்தவன், அந்த அறைக்குள் போக மனமில்லாமல் என் தாழ்வாரத்தில் ஒதுங்கியிருக்கிறான். உள்ளே வாங் இருப்பதைக் கண்டதும் முகம் மாறியது. திரும்பிப் போக மழை விடவில்லை. நான் தூரிகைகளைக் கழுவி வைத்தேன். பிறகு செல்லையாதான், வாங்கைப் பார்க்காமல், என்னைப் பார்த்துக் கேட்டான்.

“அவருக்கு அந்த எழுத்தெல்லாம் படிக்கத் தெரியுமா?”

“கொஞ்சம் தெரியுங்க” என்றார் வாங்.

செல்லையா குந்தி உட்கார்ந்து, என் தூரிகை ஒன்றின் பின்பக்கத்தால் தரையில் வரைந்தான். ஒரு கோடு. அதன் கீழே ஒரு சின்னப் பெட்டி. அதற்கும் கீழே குறுக்கும் நெடுக்கும் கோடு போட்ட பெரிய பெட்டி. இடப்பக்கம் என்னவோ கொடிபோல ஒன்று. அது அவனுக்குச் சரியாக ஞாபகமில்லை. வாங் அந்தப் பக்கத்தைத் தன் விரலால் முடித்துவிட்டார்.

“இதேதான்” என்றான் செல்லையா. “காட்டுல எங்களக் காவல் காத்த ஒருத்தன். காலரா வந்து போய்ச் சேந்துட்டான். அவன் ஆளுங்களே தொட மாட்டேன்னுட்டாங்க. என்னத் தூக்கிப் பொதைக்கச் சொன்னாங்க. கழுத்துல சின்னத் துணிப்பை கட்டியிருந்தான். அதுல இது இருந்துச்சு. இதுக்கு என்ன அர்த்தம்?”

வாங் தரையிலிருந்த எழுத்தைப் பார்த்தார். அவருடைய தகப்பனாரையும் அண்ணனையும் ஜப்பானியப் படை ஊரோடு கொளுத்திய விஷயம் எனக்குத் தெரியும், செல்லையாவுக்குத் தெரியாது. என்ன சொல்லப் போகிறார் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எங்க ஊருல ஃபூ. அவங்க ஃபுக்குன்னு சொல்லுவாங்க. நல்லது வரணும், கொறையில்லாம இருக்கணும்னு அர்த்தங்க” என்றார். “இந்தச் சின்னப் பெட்டி வாய். கீழ இருக்கிறது வயல். ஒரு வாய்க்கு ஒரு வயல் இருந்தாப் போதும்னு எங்க பக்கத்துல சொல்லுவாங்க. வீட்டுல உள்ளவங்க எழுதிக் குடுத்து அனுப்பியிருப்பாங்க.”

“வந்துச்சு” என்றான் செல்லையா. “காலரா வந்துச்சு.”

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. “இருவது வயசுகூட இருக்காதுங்க அவனுக்கு” என்றான். இந்த முறை அவன் வாங்கைப் பார்த்துத்தான் சொன்னான். மழை விட்டதும் இருவரும் சேர்ந்தே அந்த அறைக்குப் போனார்கள். அதன் பிறகு அவன் அவரை ‘மச்சான்’ என்றுதான் கூப்பிட்டான்.

மகள் ஐம்பத்தொன்றில் பிறந்தாள். பிரசவம் இரண்டு நாள் இழுத்தது. தாயும் பிள்ளையும் தங்கமாட்டார்கள் என்று மருத்துவச்சி கைவிட்ட பிறகு இருவரும் பிழைத்தார்கள். தொட்டில் போடும் நாளுக்கு நாலாவது எழுத்தை எழுதித் தரச் சொல்லி வாங் வந்தார். அதன் பெயர் ‘ஷிங்’. அதுவும் சந்தோஷம்தான்.

“எத்தனைதான் சந்தோஷம் வச்சிருக்கீங்க உங்க ஊருல?” என்று கேட்டேன்.

“ஒவ்வொண்ணும் வேற வேறங்க. இது கெடைக்கிற சந்தோசமில்ல. வர வேண்டிய சாவு வழி தவறிப் போச்சுன்னா, அதுக்கு இந்த எழுத்து. எங்க பழைய வாத்தியார் அப்பிடித்தான் சொல்லுவாரு.” பிறகு அவர் எப்போதும் சொல்லும் வார்த்தையை அன்றுதான் முதல்முறை சொன்னார். “என்ன கெடச்சுதுன்னு எண்ணாதீங்க பெயின்டரு. எதெது வராமப் போச்சுன்னு பாருங்க.”

பக்கத்தில் அதே சாயலில் இன்னோர் எழுத்தையும் எழுதிக் காட்டினார். அது துன்பத்துக்கு உரியது. இரண்டையும் வைத்துப் பார்த்தபோது என் தொழில் கண்ணுக்கு ஒரு விஷயம் பட்டது. துன்பத்தின் தலையில் ஒரே ஒரு கோடு சேர்த்தால் சந்தோஷம் ஆகிவிடுகிறது. பெரிய கண்டுபிடிப்புப் போல அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “கோடு போடுறது உங்களுக்கு லேசுங்க” என்றார். இந்த எழுத்துக்காகத்தான் அவர் சின்ன வயதில் அடி வாங்கியிருக்கிறார். அவர் ஊருக்குப் பக்கத்துத் துறைமுகத்தை ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த காலத்தில் அவர்களுடைய பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்களாம். வாத்தியார் இதைப் பலகையில் எழுதி, ‘ஷியவாசே’ என்று சொல்லச் சொன்னார். பையன் ‘ஷிங்’ என்றான். பிரம்படி. “ஒரே எழுத்துத்தாங்க. அவங்க படிச்சாத்தான் சரி, நம்ம படிச்சாத் தப்பு” என்றார்.

பிறப்புப் பதியப் போன இடத்தில் தகப்பனின் நாடு எது என்று கேட்டார்கள். சீனா என்றார். அதற்கான பத்திரம் கேட்டார்கள். அவரிடம் இருந்தது வருடா வருடம் கொழும்புக்குப் போய் நீட்டிக்க வேண்டிய ஒரு தங்கும் அனுமதி மட்டும். எழுதுகிறவர் யோசித்துவிட்டுத் தகப்பன் பெயருக்கு உரிய இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டார்.

சுதந்திரத்துக்குப் பின் வந்த சட்டம் தோட்டத்துத் தமிழரை நாடற்றவராக்கியிருந்ததால் பார்வதிக்கும் நாடில்லை. தோட்டத்துச் சனங்கள் எல்லோரையும் போல அவளும் பிரஜா உரிமைக்கு விண்ணப்பம் போட்டாள். விசாரணைக்கு மூன்று முறை போனாள். தோட்டத்துப் பேரேட்டில் தொடர்ந்து பெயர் இருக்கிறதா என்று கேட்டார்கள். கல்யாணத்தன்று வெட்டிக்கொண்ட பெயர். புருஷன் யார் என்று கேட்டார்கள். சொன்னாள். கேட்டவர் பேனாவை மூடி வைத்தாராம். சில வருடம் கழித்து, மறுத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. இப்படியாக அந்த ஓர் அறையில் மூன்று பேர் இருந்தார்கள், ஒருவருக்கும் நாடில்லை. இருந்தும் பதின்மூன்று வருடம் அவர்கள் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைத் துணிமூட்டையின் மேல் உட்காரவைத்து வாங் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பிறகு ஒரு வருடம் கொழும்பிலிருந்து வேறு மாதிரிக் கடிதம் வந்தது. அடுத்த தடவை அவருடைய அனுமதி நீட்டிக்கப்படாது என்றிருந்தது. அவர் அதை என்னிடம் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

“என்ன ஏத்தி அனுப்பிட்டா இவங்க ரெண்டு பேரும் யாருங்க?” என்று கேட்டார். கடிதத்தை மடித்து அவரிடம் கொடுத்தேன்.

செல்லையா அப்போது இந்தியா போகத் தீர்மானித்திருந்தான். அவனும் பார்வதியும் பிறந்தது திருச்சிப் பக்கம். ஊரில் சித்தப்பன் இருந்தான். தங்கையையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். கண்டியில் இருக்கும் இந்திய அரசு அலுவலகத்தில் விசாரித்து வந்து, சீனாக்காரன் பெண்டாட்டி என்று தெரிந்தால் விண்ணப்பத்தைத் தொடக்கூட மாட்டார்கள் என்றான். எல்லையில் இந்தியாவும் சீனாவும் சண்டை போட்டு ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

ஒரு மத்தியானம் நாலு பேரும் என் கடையில் கூடினோம். கதவைச் சாத்தினேன். இந்தியா போவதற்கான படிவம் என் மேசையில் இருந்தது. என் கையெழுத்துத்தான் சுத்தமாக இருக்கும் என்பதால் நான் எழுத வேண்டும் என்று ஏற்பாடு.

“வீரன் பொண்டாட்டின்னே எழுதிடலாம்” என்றான் செல்லையா. “அது முழுப் பொய்யுமில்ல.”

“பிள்ள?” என்றாள் பார்வதி.

வீரன் செத்தது நாற்பத்தெட்டில். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. கணக்கு உதைத்தது. மூன்று வயதைக் கூட்டிப் பதினைந்து என்று எழுதினால் சரியாக வரும் என்று செல்லையா சொன்னான். நான் பேனாவை வைத்துவிட்டு வாங்கைப் பார்த்தேன். அவர் மண்ணெண்ணெய்ப் பெட்டியின் மேல் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எழுதுங்க பெயின்டரு.”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“அவளுக்கு ஒரு காகிதம் இருக்கணும். என் பேரு அதுல இல்லாட்டி என்னங்க, ஏற்கனவே கோடுதானே போட்டிருக்கு.”

கணவர் பெயர்: வீரன். காலமானவர். பிள்ளையின் தகப்பன்: மேற்படி. எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் மிக அழகான எழுத்துகள் அவை. பிறகு புகைப்படம் எடுக்கப் போக வேண்டும். விதவை தாலியோடு படம் எடுக்க முடியாது. பார்வதி கடையின் பின்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது நெற்றியிலும் ஒன்றும் இல்லை. தாலியை வாங்கிடம் நீட்டினாள். அவர் கையை நீட்டவில்லை.

“நீயே வச்சுக்க. எதுலயாவது உள்ள வச்சுத் தச்சுடு” என்றார்.

எட்டு மாதத்தில் எல்லாம் சரியாகி வந்தது. புறப்படும் நாளன்று தலவாக்கலை ஸ்டேஷனில் பெருங்கூட்டம். அதே ரயிலில் வேறு தோட்டத்துக் குடும்பங்களும் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போயின. கண்டி விசாரணைக்கு இவர்களோடு வந்து நின்றவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் முன்னால் வாங் வழியனுப்ப வர முடியாது. மகளுக்கு ஒரு வாரமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், இனி வாய் தவறியும் அப்பா என்று கூப்பிடக்கூடாது என்று.

வாங் துணிமூட்டையோடு வந்தார். மற்ற நாட்களில் வருவது போல, ஜன்னல் ஜன்னலாகத் துணி காட்டிக்கொண்டே வந்தார். ஒரு சீன வியாபாரி ரயில் பெட்டியில் சீட்டித் துணி காட்டுவது யாருக்கும் விசேஷமில்லை. அவர்களுடைய ஜன்னலுக்கு வந்ததும் மூட்டையைப் பிளாட்பாரத்தில் இறக்கி, ஒவ்வொரு துணியாக எடுத்து விரித்தார். பார்வதி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். மகளும் பார்த்தாள். அவர் மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். மூட்டையில் இருந்த அத்தனை துணியையும் அப்படி விரித்துக் காட்டினார். எதிர்ப்பக்கத்து ஆசனத்தில் இருந்த ஒரு கிழவர், “எடுக்காத சாமானுக்கு ஏம்மா அந்த மனுசனக் கஷ்டப்படுத்துறீங்க” என்றார். ரயில் நகர்ந்தபோது அவர் கையில் ஒரு நீலப் பட்டு பாதி விரிந்திருந்தது. அதன் மறுமுனை ஜன்னலுக்குள் மகளின் கையில். அவள் விட்டாளா, அவர் விட்டாரா என்று நான் பார்க்கவில்லை. பட்டு உள்ளே போய்விட்டது.

அவர்கள் போய் நாலாவது மாதம் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. வாங்கின் அனுமதியை ஒரு வருடத்துக்கு நீட்டித்திருந்தார்கள். அடுத்த வருடமும் நீட்டித்தார்கள்.

அந்த அறையில் இருக்க முடியாமல் அவர் பொகவந்தலாவைக்குப் போய்க் காதர் நானாவின் கடைப் பின்கட்டில் தங்கினார். பார்வதியின் கடிதங்கள் என் பெயருக்கு வரும். ‘அன்புள்ள அண்ணனுக்கு’ என்று தொடங்கும். ‘அங்கே குளிர் எப்படி’ என்றால் அது அவரைக் கேட்பது. அவருக்குத் தமிழ் பேச வருமே தவிரப் படிக்க வராது. பஸ் ஏறிப் போய் நான்தான் வாசித்துக் காட்டுவேன். போன வருடக் கடிதம் ஒன்றில், பிள்ளை பெரியவளாகிவிட்டதாகவும், ஊருக்கு அவள் பதினேழு வயதுப் பெண் என்பதால் சடங்கு வைக்க முடியாமல் வெளியே தெரியாமல் மறைத்துவிட்டதாகவும் எழுதியிருந்தாள். மூன்று வயதைக் கூட்டி எழுதிய கை என்னுடையது. அந்த வரியோடு வாசிப்பதை நிறுத்தினேன்.

வாங் என்னைக் குற்றம் சொல்லவில்லை. “பள்ளிக்கூடத்துல குள்ளமா இருக்கான்னு கேலி பண்ணுவாங்களோ?” என்று மட்டும் கேட்டார்.

கடைசி மழைக்காலத்தில் இருமல் பிடித்தது. சைக்கிளை ஓரம் கட்டினார். தை மாதம் போனபோது போர்வைக்குள் கிடந்தார். “எதெது வராமப் போச்சுன்னு பாக்கணும்னு சொல்லுவீங்களே” என்று, தேற்றுவதாக நினைத்து, அவர் வார்த்தையை அவருக்கே சொன்னேன். “அது சரியில்லிங்க பெயின்டரு. எம் மக வராமப் போனதையும் அந்தக் கணக்குல சேத்துட்டேன் பாருங்க” என்றார். அவர் என்னிடம் கடைசியாக முழுதாகப் பேசியது அதுதான்.

செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது காதர் நானா உடம்பைக் குளிப்பாட்டிப் புது வேட்டி போர்த்தி வைத்திருந்தார். மரணத்தைப் பதிய ஆள் வந்தார். உறவினர் யார் என்று கேட்டார். காதர் நானாவுக்கு ஒன்றும் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். மனைவி இருக்கிறாளா? இல்லை என்றேன். பிள்ளைகள்? இல்லை. வேறு என்ன சொல்ல முடியும்? உண்மையைச் சொன்னால் கடலுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேருடைய காகிதம் கிழிந்துபோகும். ‘மணமாகாதவர்’ என்று எழுதிக்கொண்டார்.

பொதுமயானத்தில் அடக்கம் செய்தோம். தலைமாட்டுக்கு ஒரு பலகை எழுத வேண்டியது என் வேலை. தூரிகையைத் தொட்டு எடுத்த பிறகுதான் தெரிந்தது, அவருடைய பெயரை அவருடைய எழுத்தில் எப்படி எழுதுவது என்று பதினெட்டு வருடத்தில் ஒரு நாளும் நான் கேட்டதில்லை. துன்பத்துக்கு உரிய அந்த ஒன்றைத் தவிர, எனக்குத் தெரிந்தவை நாலே எழுத்துகள். நாலும் சந்தோஷம். ஒன்று கல்யாண வீட்டுக்கு உரியது. ஒன்று கொட்டு முழக்கத்துக்கு. ஒன்று செல்லையா புதைத்த பையனின் கழுத்தில் கிடந்தது. நாலாவது, சாவு வராமல் போனவர்களுக்கு. எதையும் அங்கே எழுத முடியாது. தமிழில் ‘வாங்’ என்று மட்டும் எழுதினேன். குழி மூடிய ஆட்களில் ஒருவன் அதைப் படித்துவிட்டு, “யார வாங்கன்னு கூப்புடுறாங்க?” என்று பக்கத்திலிருந்தவனைக் கேட்டான்.

பார்வதிக்கு எழுதினேன். ‘நமக்குத் துணி தரும் ஐயா காலமானார்’ என்று ஒரு வரி. போன வாரம் பதில் வந்தது. அதிலும் ஒரு வரிதான் அதைப் பற்றி. “அண்ணே, இங்க எல்லாரும் நான் முன்னமே அழுது முடிச்சவன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க, அதனால ஊருக்கு வெளிய இருக்கிற மோட்டார் கெணத்துக்குப் போயி, மோட்டார் ஓடுற சத்தத்துல அழுதுட்டு வந்தேன்.”

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. சைக்கிளையும் மிச்சத் துணியையும் காதர் நானாவிடமே விட்டுவிட்டேன். நான் வைத்திருப்பது என் கையாலும் வாயாலும் அவரைப் பற்றிப் பதிவான இரண்டு பொய்களை. அவை இருக்கும் புத்தகங்களில் அவற்றை நான் திருத்த முடியாது. அவரை அறிந்த உங்கள் முன்னால் திருத்திக்கொள்கிறேன். வாங் மணமானவர். ஒரு மகளின் தகப்பன். பார்வதியின் கணவர் காலமானவர் என்று படிவத்தில் நான் எழுதிய நாளுக்குப் பிறகும் இரண்டு வருடம் ஐந்து மாதம், தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும், அவர் உயிரோடு இருந்தார்.